உப்பும் சீனியும் தண்ணியும்

(மடுவுக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும் போய் வந்த நம் தோட்டத் தொழிலாளர் குழுவினர், தலைமன்னார் பழைய இறங்குதுறையையும் பார்த்து வந்தார்கள். அங்கே தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் பேசியதை, பயணத்துக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)



வெயில் ஏறுவதற்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மலைக் குளிரிலே பழகின நமக்கு மன்னார் வெயில் தாங்காது. அதனாலே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நாம் நிற்கிற இந்தக் கரை நமக்குப் புதுசு இல்லை. கோப்பித் தோட்டக் காலத்திலே நம்முடைய பாட்டன் பூட்டன்மார் அக்கரையிலே இருந்து தோணியிலே வந்து, இந்த மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியாக மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே போனார்கள். 2023ஆம் ஆண்டு, நம்ம மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி இதே தலைமன்னாரிலே தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையிலே முடிந்த நடைபயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்கு நல்ல றோட்டிலே, தண்ணிப் போத்தலோடு நடந்தவர்களுக்கே 16 நாள் ஆனது. அந்தக் காலத்திலே எப்படி இருந்திருக்கும்?

அந்த வழியிலே நம்ம ஆட்களைக் கொன்றதிலே பெரிய பங்கு கொலராவுக்கு உண்டு. வாந்திபேதி என்று நம்ம பெரியவர்கள் சொல்லுவார்களே, அதுதான். காலையிலே நன்றாக நடந்தவன் சாயந்தரம் செத்துப் போவான். இந்த நோயையும் அம்மையையும் நினைத்துப் பயந்துதான், 1914இலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலும் கப்பலும் வந்த பிற்பாடு, அக்கரையிலே மண்டபத்திலே முகாம் வைத்து, ஆட்களைச் சில நாள் தடுத்து வைத்து, சோதித்து அனுப்பினார்கள்.

என் அப்பாயி ஒரு கதை சொல்லும். அப்பாயியுடைய மாமியார் சின்னப் பிள்ளையாக இந்த வழியிலே நடந்து வந்தவர். கூட ஒரு தம்பி. மன்னாரைத் தாண்டின பிறகு அந்தப் பையனுக்கு வாந்திபேதி கண்டது. ராத்திரி முழுக்க "தண்ணி, தண்ணி" என்று கேட்டானாம். கூட வந்தவர்கள், "தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதே" என்று சொல்லிவிட்டார்கள். விடியக்காலம் பையன் போய்விட்டான். வழியோரத்திலே புதைத்துவிட்டு நடந்தார்கள். அந்த அம்மா சாகிற வரைக்கும், ஒரு செம்புத் தண்ணி குடுக்காமல் விட்டோமே என்று சொல்லிச் சொல்லி அழுவாராம்.

இதிலே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வாயாலே குடிக்கக் கொடுத்தே கொலராக்காரனைக் காப்பாற்றுகிற வழி அன்றைக்கு எந்தப் பெரிய டாக்டருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் இன்றைக்குத் தெரியும். தெரிந்தும், வயித்தால போகிற பிள்ளைக்குத் தண்ணியை நிறுத்துகிற பழக்கம் நம்ம லயங்களிலே இன்னும் போகவில்லை. அதனாலேதான் இந்த இடத்திலே நின்று இதைப் பேசணும் என்று நினைத்தேன்.

சரி, வயித்தால போகும்போது உடம்புக்குள்ளே என்னதான் நடக்கிறது?

காலையிலே பேசாலைப் பக்கம் பஸ் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டீர்களே, கருவாடு காய்கிற வாடி. அதிலே பாடம் இருக்கிறது. மீனைக் கீறி உப்புப் போட்டு அடுக்கி வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்திலே மீனிலே இருந்து தண்ணி கசிந்து ஓடுகிறது. யாரும் பிழியவில்லை. உப்பு எங்கே கூடுதலாக இருக்கிறதோ அங்கே தண்ணி போகும். வீட்டிலே ஊறுகாய்க்கு உப்புப் போட்டாலும் இதே கதைதான். உப்பு போகிற பக்கம் தண்ணியும் போகும். இதை மட்டும் மனதிலே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்ம உடம்புக்கு வருவோம். பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் 'கலம்' என்று படிக்கிறார்களே, அந்தக் கலங்களாலே ஆனதுதான் உடம்பு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். ஒரு ஆளுடைய உடம்பிலே முப்பது இலட்சம் கோடிக்கு மேலே கலங்கள் இருப்பதாகக் கணக்கு. கலம் என்றால் தமிழிலே ஏனம் என்றும் அர்த்தம், கப்பல் என்றும் அர்த்தம். இரண்டும் பொருத்தம்தான். கப்பல் மாதிரியே ஒவ்வொரு கலமும் உப்புத்தண்ணியிலே மிதந்துகொண்டிருக்கிறது. வெளித்தண்ணி கட்டுக்கு மேலே உள்ளே வந்தாலும் ஆபத்து, உள்ளே இருப்பது வெளியே போனாலும் ஆபத்து.

அதனாலே ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் மெல்லிய ஒரு சவ்வு. அந்தச் சவ்விலே சின்னச் சின்னக் கதவுகள், பம்புகள். ஒரு பம்பு இருக்கிறது, அது ராப்பகல் ஓயாது. ஒவ்வொரு தடவையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். சோடியம் என்பது நம்ம கறியுப்பிலே இருப்பது. பொட்டாசியம் வாழைப்பழத்திலும் இளநீரிலும் இருப்பது. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் சாப்பாட்டுச் சக்தியிலே கணிசமான பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. உப்பையும் தண்ணியையும் சமநிலையிலே வைத்திருப்பது உடம்புக்கு அவ்வளவு முக்கியம்.

ஆனால் ஒவ்வொரு கலமும் தன்பாட்டுக்கு வேலை செய்தால் உடம்பு நடக்காது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். லயத்திலே நாம் எப்படிப் பேசிக்கொள்கிறோம்? அடுத்த காம்பராவுக்கு ஏதாவது சொல்லணும் என்றால் சுவரைத் தட்டிச் சொல்லுகிறோம். கொழும்பிலே வேலை செய்கிற மகனுக்குச் சொல்லணும் என்றால் கடிதமோ போனோதான். கலங்களும் அப்படித்தான். பக்கத்துக் கலத்தோடு தொட்டுப் பேசும். கொஞ்சம் தள்ளியிருப்பதற்கு ஒரு இரசாயனத்தைக் கசியவிட்டுச் சொல்லும். தூரத்திலே இருப்பதற்கு இரத்தத்திலே தூது அனுப்பும். இன்சுலின் அப்படிப்பட்ட ஒரு தூதுதான். கணையத்திலே இருந்து புறப்பட்டு, "இரத்தத்திலே சீனி கூடிப்போச்சு, உள்ளே எடுத்துக்கொள்" என்று கலங்களுக்குச் சொல்லுகிறது. அந்தத் தூது போதாமல் போனாலும், கலங்கள் அதைச் சரியாகக் கேட்காமல் போனாலும் அதுதான் சீனி வருத்தம்.

தூது கலத்தின் வாசலுக்கு வந்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் விழும். வேலை நடக்கும். முடிந்ததும் சுவிட்ச் தானாகவே நின்றுவிடும். இந்தத் தானாக நிற்பதுதான் முக்கியம். பிரட்டுக்களத்திலே மணி அடிக்கிறது, ஆட்கள் வருகிறார்கள், மணி நிற்கிறது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

கொலரா செய்வது அதைத்தான். நம்ம குடலின் உள்பக்கத்திலே ஒரே வரிசையாகக் கலங்கள் நிற்கின்றன. சாப்பாடு வழுக்கிப் போவதற்காக அவை அளவாகக் கொஞ்சம் உப்பையும் தண்ணியையும் குடலுக்குள்ளே விடும். வேலை முடிந்ததும் கதவை மூடிக்கொள்ளும். கொலராக் கிருமி கலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. வெளியே ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சை மட்டும் உள்ளே அனுப்புகிறது. அந்த நஞ்சு சுவிட்சை 'போட்ட' நிலையிலேயே இறுக்கி வைத்துவிடுகிறது. "கதவைத் திற, கதவைத் திற" என்ற பொய்த் தகவல் நிற்காமல் ஓடுகிறது. கதவு திறந்தே கிடக்கிறது. உப்பு குடலுக்குள்ளே ஓடுகிறது. உப்பு போகிற பக்கம் தண்ணியும் போகும் என்று சொன்னேன் இல்லையா? கடுமையான கொலராவிலே மணிக்கு ஒரு லீட்டர் வரைக்கும் போகும். இரத்தத்திலே தண்ணியும் உப்பும் குறைந்து, நாடி தளர்ந்து, மூத்திரம் நின்று, சில மணி நேரத்திலேயே ஆள் போய்விடுவான். அந்தப் பையனுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

கிருமி இல்லை, அது விடுகிற நஞ்சுதான் காரணம் என்பதை 1959இலே கல்கத்தாவிலே சம்புநாத் டே என்கிற டாக்டர் முயலின் குடலிலே பரிசோதித்துக் காட்டினார். பெரிய வசதி ஒன்றும் இல்லாத ஆய்வுகூடத்திலே செய்த வேலை.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். அதே குடல் கலத்திலே இன்னொரு கதவு இருக்கிறது. அது வினோதமான கதவு. உப்பு தனியாக வந்தால் திறக்காது. சீனி தனியாக வந்தாலும் திறக்காது. ஒரு குளுக்கோசும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே விடும். 1960இலே ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்த வழியைச் சொன்னார். கொலரா நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை. ஒரு பக்கத்தாலே தண்ணி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கதவாலே உப்பையும் சீனியையும் உள்ளே அனுப்பலாம். உப்பு உள்ளே போனால் தண்ணியும் பின்னாலேயே உள்ளே போகும். கருவாட்டுப் பாடம்தான், திசை மட்டும் மாறுகிறது.

1968இலே டாக்காவிலே இதைக் கொலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. 1971இலே பங்களாதேஷ் யுத்தத்தின்போது இலட்சக்கணக்கான ஆட்கள் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். எல்லையிலே பொங்காவ் என்ற ஊரிலே கொலரா. ஊசியாலே ஏற்றுகிற சேலைன் தீர்ந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே டாக்டர் திலீப் மகலனபிஸ் துணிந்து ஒரு வேலை செய்தார். ஒரு லீட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோசு, மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் அப்பச்சோடா என்று கலந்து, பீப்பாயிலே ஊற்றி வைத்து, நோயாளிகளின் தாய்மாரையும் சொந்தக்காரர்களையுமே கோப்பையாலே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். முன்பு நூற்றுக்கு 30 பேர் செத்த இடத்திலே, அவர் பார்த்தவர்களிலே சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று 1978இலே லண்டன் 'லான்செட்' பத்திரிகை எழுதியது. அவர் 2022இலே காலமானார்.

அங்கே உயிரைக் காத்தவர்களிலே படிக்காத தாய்மாரும் உண்டு. அதை மறக்க வேண்டாம்.

ஒரு அம்மா கையைத் தூக்குறாங்க. என்னம்மா? "ஐயா, அப்படியே குடுத்துக்கிட்டே இருந்தா, அந்தத் தெறந்த கதவு எப்பதான் மூடும்?" நல்ல கேள்வி. நானே சொல்ல வந்தேன்.

அந்தக் கதவைப் பழுதுபார்க்க வேண்டியதில்லை. கலமே மாறிவிடும். தேயிலையிலே கவ்வாத்து வெட்டுகிறோம். பார்த்தால் மொட்டைக் கட்டை. ஆனால் கட்டை உயிரோடு இருந்தால் புது அரும்பு வருகிறது. குடலிலேயும் அப்படித்தான். உள்மடிப்பின் அடியிலே தாய்க்கலங்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிரிந்து புதுக் கலங்களை உண்டாக்கும். ஒரு கலம் பிரிவதற்கு முன்னாலே, தன்னிடம் இருக்கிற 46 நிறமூர்த்தங்களையும், அதாவது என்ன வேலை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த நூல்களை, ஒன்று விடாமல் பிரதி எடுக்கும். பிறகு பாகம் பிரித்து, ஆளுக்கு ஒரு முழுக் கட்டாக வைத்துக்கொண்டு இரண்டாகும். புதுக் கலங்கள் மேலே ஏற, பழையவை உதிர்ந்து விழும். நாலைந்து நாளிலே குடலின் உட்தோல் முழுக்கப் புதுசாகிவிடும். நஞ்சு பிடித்த கலங்களும் அதோடு போய்விடும். அதனாலே நாம் செய்ய வேண்டியது, அந்த நாலைந்து நாளுக்கு ஆளை உயிரோடு வைத்திருப்பது. அதற்குத்தான் உப்பும் சீனியும் தண்ணியும்.

பிரிவதற்கும் தகவல் வேண்டும், நிறுத்துவதற்கும் தகவல் வேண்டும். "போதும்" என்ற சொல்லைக் கேட்காமல் பிரிந்துகொண்டே போகிற கலம்தான் புற்றுநோய். வாயிலே நாள் முழுக்க வெத்திலை, பாக்கு, புகையிலையை அடக்கி வைப்பவர்களுக்கு வாய்ப்புற்று வருவது அதனாலேதான். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். சிரிக்காதீங்க, யார் யார் மடியிலே பை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் கொலரா இந்த நாட்டிலே பழைய மாதிரி தலைவிரித்து ஆடுவதில்லை. ஆனால் பீலித் தண்ணி கலங்குகிற மழைக் காலத்திலே பிள்ளைகளுக்கு வயித்தால போவதை நான் டிஸ்பென்சரியிலே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு கிருமிகளும் இதே சுவிட்சிலே கை வைக்கும். கிருமி எதுவானாலும் பிள்ளையை முதலிலே வாட்டுவது தண்ணியும் உப்பும் போவதுதான்.

ஒரு தடவை ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண் உள்ளே போய்விட்டது. "ஐயா, தண்ணி குடுக்காமல் விடலை. காலையில இருந்து சோடாவும் சீனித் தேத்தண்ணியும்தான் குடுக்கிறேன், இன்னும் கூடத்தான் போகுது" என்றாள். பாவம், அன்போடுதான் கொடுத்திருக்கிறாள். ஆனால் உப்பு இல்லாமல் அந்தக் கதவு திறக்கவில்லை. குடலிலே தேங்கின சீனி, கருவாட்டு உப்பு மாதிரி, உடம்பிலே இருந்து தண்ணியை உறிஞ்சிவிட்டது. நல்லவேளை, நேரத்துக்கு வந்ததாலே பிள்ளை பிழைத்தது. ஆகவே அளவு முக்கியம். கவனமாகக் கேளுங்கள்.

ஜீவனி பாக்கெட் இருந்தால் அதுதான் நல்லது. பாக்கெட்டிலே போட்டிருக்கிற அளவுத் தண்ணியிலே, வழக்கமாக ஒரு முழு லீட்டரிலே, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையிலே கரைக்க வேண்டும். கொஞ்சத்தைக் கோப்பையிலே கொட்டிக் கலக்கி, மீதியை மடித்து வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அளவு தவறிவிடும்.

பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறின தண்ணி ஒரு லீட்டர். அதிலே தேக்கரண்டியாலே தலைதட்டி ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. குவித்து அள்ளாதீர்கள். உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. நக்கிப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேலே வைத்திருக்காமல் கொட்டிவிட்டுப் புதுசு கலக்குங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, ஒவ்வொரு தடவை வயித்தால போன பிறகும் 50இலே இருந்து 100 மில்லிலீட்டர். அதற்கு மேலே பத்து வயது வரைக்கும் 100இலே இருந்து 200. பெரியவர்கள் முடிந்த மட்டும் குடிக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடியும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். புதுக் கலம் உண்டாக்க உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். டிஸ்பென்சரியிலே துத்தநாக வில்லை கொடுத்தால், வயித்தால போவது நின்றாலும் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள்.

பிள்ளை குடிக்க மாட்டாமல் துவண்டு கிடந்தால், கண் குழி விழுந்தால், இரத்தம் போனால், மூத்திரம் போகாமல் இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கரைத்த தண்ணியைக் கரண்டியாலே கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ராத்திரி என்றாலும் என் கதவைத் தட்டுங்கள்.

வருமுன் காப்பதும் நம்ம கையிலே இருக்கிறது. கொதித்த தண்ணி, மூடின கக்கூஸ், சவர்க்காரம் போட்டுக் கழுவின கை. பீலிக்கு மேலே அசுத்தம் செய்யாதீர்கள். இதைப் பிள்ளைக்காம்பராவிலே இருக்கிற ஆயாமாரும் கவனிக்க வேண்டும். தண்ணிக் குழாய், கக்கூஸ் சரியில்லை என்றால் தனித்தனியாகப் புறுபுறுக்காமல் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். நோய் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை.

அந்த வழியோரத்திலே கிடக்கிற பையனுக்கு ஒரு கல்லும் இல்லை, பெயரும் எனக்குத் தெரியாது. அவனோடு வந்தவர்கள் மூட்டையிலே உப்பு இருந்திருக்கும். கொஞ்சம் கருப்பட்டியும் இருந்திருக்கலாம். அவர்களுக்கு விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான். நமக்குத் தெரியும். ஊருக்குப் போனதும் பக்கத்துக் காம்பராவிலே வராமல் இருந்தவர்களுக்கு இந்த அளவைச் சொல்லுங்கள். ஒரு லீட்டர், ஆறு சீனி, அரை உப்பு. எங்கே, எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்கள் பார்க்கலாம்.

வெயில் ஏறிவிட்டது, பஸ்ஸுக்குப் போவோம். ஏறுவதற்கு முன்னாடி எல்லாரும் தண்ணி குடியுங்கள்.